இரண்டு கோடு வந்தால் நல்ல கடலை!

பயிர் நோயையும் விளைபொருளில் கலந்த நஞ்சையும் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடி சோதனைகள் பற்றி வள்ளூர், மீஞ்சூர், பொன்னேரி, ராயபுரம், திருவொற்றியூர் வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பயிர் நோயியல் வல்லுநர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, மீஞ்சூரில் வேர்க்கடலை வாங்கி விற்கிறேன். கிராமங்களில் மூட்டை எடுத்து, துறைமுகம் பக்கம் ஓர் ஏற்றுமதிக்காரருக்குக் கொடுப்பேன். அவர் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சைப் பார்க்கும் பட்டைகள் சிலவற்றைக் கொடுத்து, "வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்" என்றார். பருப்பை அரைத்துப் பார்த்ததில் இரண்டு சிவப்புக் கோடு வந்தது. கொரோனா காலத்தில் இரண்டு கோடு என்றால் பாசிட்டிவ் என்றுதானே சொன்னார்கள்? பயந்துபோய் அந்த மூட்டைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். செய்தது சரிதானா?

— ஒரு வியாபாரி, மீஞ்சூர்

பதில்: நல்ல கடலையை மலிவாகக் கொடுத்துவிட்டீர்கள். சந்தையில் உள்ள பெரும்பாலான அஃப்ளடாக்சின் பட்டைகளில் இரண்டு கோடு வந்தால் சரக்கு தேறிவிட்டது என்று அர்த்தம். கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் வந்து சோதனைக் கோடு மறைந்துவிட்டால்தான் ஆபத்து. கட்டுப்பாட்டுக் கோடே வரவில்லை என்றால் பட்டை வீண், வேறொன்றை எடுத்துப் பாருங்கள்.

கொரோனா பட்டைக்கும் இதற்கும் ஏன் இந்தத் தலைகீழ் வித்தியாசம்? வைரஸ் பெரிய உருப்படி. அதன் ஒரு பக்கத்தை ஒரு ஆன்டிபாடியும், மறுபக்கத்தை இன்னொரு ஆன்டிபாடியும் பிடிக்கலாம். இடையில் வைரஸ் இருந்தால்தான் இரண்டும் சேர்ந்து கோடு தெரியும். அஃப்ளடாக்சின் மூலக்கூறின் எடை வெறும் 312. ஒரு ஆன்டிபாடி பிடித்துக்கொண்டால் இரண்டாவது கைவைக்க இடமே இல்லை. அதனால் வேறு தந்திரம் செய்தார்கள். பட்டையில் சோதனைக் கோடு இருக்கும் இடத்தில் அஃப்ளடாக்சினை முன்கூட்டியே ஒட்டி வைத்திருக்கிறார்கள். நிறத் துகள் பூசிய ஆன்டிபாடி உங்கள் கடலைச் சாற்றோடு சேர்ந்து ஓடிவரும். சாற்றில் நஞ்சு இல்லையென்றால் அது காலியாக வந்து கோட்டில் ஒட்டும், நிறம் தெரியும். சாற்றிலேயே நஞ்சு நிறைய இருந்தால் வழியிலேயே நிரம்பிவிடும். கும்மிடிப்பூண்டி லோக்கல் மீஞ்சூரிலேயே நிரம்பி வந்தால் அத்திப்பட்டு பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் ஏற முடியாதல்லவா, அந்தக் கதைதான். நஞ்சு கூடக் கூட நிறம் குறையும்.

ஆய்வகத்தில் 96 குழி கொண்ட தட்டில் செய்யும் எலைசா சோதனையும் அஃப்ளடாக்சினுக்கு இதே கணக்குதான். நிறம் அடர்த்தியாக இருந்தால் சரக்கு சுத்தம், வெளுத்திருந்தால் நஞ்சு. இலையில் வைரஸ் தேடும் எலைசாவில் நிறம் வந்தால் நோய். ஒரே தட்டு, ஒரே கருவி, அர்த்தம் மட்டும் நேரெதிர். ஆகவே எந்தக் கிட்டாக இருந்தாலும் டப்பாவுக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டுத்தான் சாற்றை ஊற்ற வேண்டும்.

அந்தத் தாளில் இன்னொன்றும் பாருங்கள்: பட்டை எந்த அளவில் கோட்டை மறைக்கும் என்று போட்டிருக்கும். பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு, அதாவது ஒரு டன் கடலையில் ஒரு மில்லிகிராம். அமெரிக்கச் சந்தையை மனத்தில் வைத்துச் செய்த பட்டைகள் பல 20 பிபிபியில் மறையும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு, மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கடலைக்கு 15, அப்படியே சாப்பிடும் கடலைக்கு 10. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு மொத்தம் 4 பிபிபிதான் விடுகிறது. அதிலும் பி1 என்ற வகை 2-ஐத் தாண்டக் கூடாது. 20-க்கான பட்டையில் இரண்டு கோடு காட்டிய சரக்கு ஐரோப்பாவில் திருப்பி அனுப்பப்படலாம். உங்கள் ஏற்றுமதிக்காரர் எந்த நாட்டுக்கு அனுப்புகிறார் என்று கேட்டுக்கொண்டு, அதற்குத் தக்க பட்டையை அவரிடமே வாங்குங்கள்.

கேள்வி: ஒரே லாட் கடலை. ஒரு ஆய்வகம் 3 பிபிபி என்கிறது, இன்னொன்று 60 என்கிறது. இரண்டும் அங்கீகாரம் பெற்றவை. யாரை நம்புவது?

— ஏற்றுமதி அலுவலக ஊழியர், ராயபுரம்

பதில்: இரண்டையும் நம்பலாம். தகராறு ஆய்வகத்தில் இல்லை, மூட்டையில் கைவிட்டவரிடம் இருக்கிறது.

அஃப்ளடாக்சின் கடலையில் உப்பு மாதிரிப் பரவியிருப்பதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளாவஸ் என்ற பச்சைப் பூஞ்சை எந்தப் பருப்பில் குடியேறியதோ அந்தப் பருப்பில் மட்டும் குவிந்திருக்கும். தனிப் பருப்பு ஒன்றில் பத்து லட்சம் பிபிபிக்கும் மேல் அளந்திருக்கிறார்கள். அப்படி ஒரு பருப்பு அரை கிராம் எடை என்று வையுங்கள். அதற்குள் அரை மில்லிகிராம் நஞ்சு. அது 10 கிலோ சுத்தமான கடலையில், அதாவது சுமார் இருபதாயிரம் பருப்பில், ஒன்றாகக் கிடந்தால் அந்தப் பத்துக் கிலோவின் சராசரி 50 பிபிபி. நீங்கள் அதிலிருந்து அரைக் கிலோ மட்டும் அள்ளி அனுப்பினால் அந்தப் பருப்பு உங்கள் பையில் வர இருபதில் ஒரு வாய்ப்பு. வராவிட்டால் ரிசல்ட் பூஜ்யம், வந்தால் ஆயிரம். இரண்டுமே அந்த அரைக் கிலோவைப் பொறுத்தவரை உண்மை. லாட்டைப் பொறுத்தவரை இரண்டுமே தப்பு.

இதனால்தான் ஐரோப்பிய விதி, கப்பலேறும் பெரிய லாட்டில் நூறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 20 கிலோ சேர்க்கச் சொல்கிறது. சேர்த்ததைக் கையால் கலந்து கொஞ்சம் அள்ளினால் போதாது. ஆய்வுக்கு வந்த மாதிரி முழுவதையும் அரைத்து ஒன்றாக்கிய பிறகே சோதனைக்குச் சில கிராம் எடுக்க வேண்டும். இங்கே பல இடங்களில் என்ன நடக்கிறது? லாரியின் பின்கதவு ஓரத்து இரண்டு மூட்டையில் கைவிட்டு, ஒரு பாலித்தீன் பை நிறைய எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து அனுப்புகிறார்கள். பல லட்சம் ரூபாய்ச் சரக்கின் தலையெழுத்து அந்தப் பையில்.

சோதனை முறையிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. எலைசா விரைவானது, மலிவானது, ஒரே நாளில் ஏராளமான மாதிரிகளைப் பார்த்துவிடும். ஆனால் பி1 நஞ்சுக்காக வளர்த்த ஆன்டிபாடி பி2, ஜி1 போன்ற அதன் உறவுகளையும் ஓரளவு பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். மிளகாய்த்தூள் மாதிரி நிறமும் காரமும் உள்ள பொருளில் எண் தடுமாறும். சல்லடையாக எலைசா, வரம்பை ஒட்டி வரும் மாதிரிகளுக்கு, நஞ்சுகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் உறுதிசெய்தல் என்பதுதான் ஒழுங்கான வரிசை. 2025 செப்டம்பரில் இந்தோனேசியா அஃப்ளடாக்சின் காரணமாக இந்திய வேர்க்கடலை இறக்குமதியை நிறுத்திவைத்தபோது அடி வாங்கியவர்களில் ஒழுங்காகச் செய்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பாலித்தீன் பைக்கு நாடே விலை கொடுக்கிறது.

கேள்வி: ஐயா, வள்ளூர் அனல்மின் நிலையத்துக்குப் பக்கம் எங்கள் நிலம். நவரைப் பட்டத்து நெல், நட்ட ஒரு மாதத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகித் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கிறது. சாம்பல்தான் காரணம் என்கிறார் என் தம்பி. துங்ரோ நோய் என்கிறார் மருந்துக் கடைக்காரர், மூன்று மருந்து எழுதிக்கொடுத்திருக்கிறார். உப்புத் தண்ணீர் என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

— ஒரு விவசாயி, வள்ளூர்

பதில்: உங்கள் ஊரில் மூன்றுமே நடக்கக்கூடியவை. ஒன்றோடொன்று சேர்ந்தும் நடக்கும். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியது பல பத்தாண்டுப் பழைய கதை, அப்பா அதைக் கண்ணால் பார்த்திருப்பார். செப்பாக்கம் சாம்பல் குளத்தையும் கொசஸ்தலை ஆற்றில் கலக்கும் சாம்பலையும் பற்றி இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக் கடைக்காரர் சொன்னதும் சாத்தியம்தான். ஆனால் மூன்று மருந்து எழுதுவதற்கு முன்னால் அவரும் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் காசில்லாத சோதனைகள். இலையை ஈரத்துணியால் துடையுங்கள். படிந்த சாம்பல் துணியில் வரும். துடைத்த பிறகும் இலை மஞ்சளாகவே இருந்தால் சாம்பல் படிவு மட்டும் காரணமில்லை. உப்பு என்றால் நுனி வெளுத்துக் காய்ந்து கருகும், தண்ணீர் தேங்கி வற்றும் பள்ளத்தில் அதிகம் தெரியும். துத்தநாகக் குறை என்றால் நட்ட சில வாரங்களில் இலையில் துருப்பிடித்த மாதிரிப் பழுப்புப் புள்ளிகள் வரும். துங்ரோவில் நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சள் கீழே இறங்கும், பயிர் குட்டையாகும், பச்சைத் தத்துப்பூச்சி வயலில் இருக்கும். மாலையில் வரப்போரம் ஒரு விளக்கை வைத்தால் பூச்சி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து அயோடின் சோதனை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குப் பல காலமாகச் சொல்லிவருவது. 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கரைத்துக்கொள்ளுங்கள். வெயில் வருவதற்குள், காலை ஆறு மணிக்கு முன்பே, சந்தேகப்பட்ட பயிரின் இலை நுனியை 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி அதில் கால் மணி முதல் அரை மணி நேரம் ஊறவைத்து, கழுவிப் பாருங்கள். கருநீலக் கோடுகள் வந்தால் துங்ரோவாக இருக்கலாம். நோயுள்ள இலையில் மாவுச்சத்து இரவோடு இரவாகக் கீழே இறங்காமல் தேங்கிவிடுவதைத்தான் இது காட்டுகிறது. மாவுச்சத்து வேறு காரணத்தாலும் தேங்கலாம் என்பதால் "இருக்கலாம்" என்கிறேன். ஆறு மணிக்கு மேல் எடுத்தால் ஆரோக்கியமான இலையும் நீலம் காட்டும்.

இங்கேதான் எலைசாவுக்கு வேலை. துங்ரோவுக்கு இரண்டு வைரஸ்கள். ஒன்று தடி வடிவம், நோய்க்குறிகளுக்கு முக்கியக் காரணம். இன்னொன்று உருண்டை வடிவம், தனியாக வந்தால் பயிரில் பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் உருண்டை வைரஸின் துணை இல்லாமல் தடி வைரஸைத் தத்துப்பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்த முடியாது. இரண்டுக்கும் தனித்தனி ஆன்டிபாடி உண்டு. 1980களில் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இதை எலைசாவில் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். பச்சையாக நிற்கும் பயிரில் உருண்டை வைரஸ் இருக்கிறதா என்று கண்ணால் சொல்லவே முடியாது, தட்டு சொல்லும். உங்களுக்கு அதனால் என்ன லாபம்? எலைசாவில் இரண்டுமே இல்லை என்று வந்தால் மூன்று மருந்தின் செலவு மிச்சம். கடைக்காரரின் சீட்டை மடித்து வைத்துவிட்டு மண்ணைக் கவனிக்கலாம்.

அதே சமயம் எலைசாவிடம் கேட்கக் கூடாததைக் கேட்காதீர்கள். சாம்பலில் வரும் கன உலோகத்தையோ உப்பையோ இந்தச் சோதனை காட்டாது. அதற்கு மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் சரியத் தொடங்கும். "வைரஸ் இல்லை" என்ற முடிவைச் சாம்பலுக்கான சாட்சியாக எடுத்துக்கொண்டு நிவாரண மனு எழுதுவதும் தவறு. மனுவுக்கு மண் பரிசோதனை அறிக்கை வேண்டும். வைரஸ் இருந்தது என்றால் அதைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்துவது, நோயுற்ற தூர்களைப் பிடுங்குவது, அறுத்த பின் தாள்களை உழுதுவிடுவது, அடுத்த சொர்ணவாரிக்கு நாற்றங்காலை விளக்குக் கம்பத்துக்கு அருகில் போடாமலிருப்பது, இவைதான் வழி.

கேள்வி: நாலு பசு வைத்திருக்கிறேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் தீனி. சொசைட்டியில் பால் ஊற்றுகிறேன். தீனியில் பூஞ்சை இருந்தால் பாலில் நஞ்சு வரும் என்கிறார்கள். பால் காய்ச்சினால் போய்விடாதா?

— ஒரு வாசகி, அத்திப்பட்டு

பதில்: போகாது சகோதரி. காய்ச்சினாலும் பாக்கெட் பாலைப் பதப்படுத்தினாலும் அஃப்ளடாக்சின் அப்படியே இருக்கும். தயிர், பன்னீர் ஆனாலும் கூடவே வரும்.

பசு தின்ற பி1 நஞ்சை அதன் ஈரல் எம்1 என்ற வேறு உருவாக மாற்றுகிறது. தின்றதில் நூற்றில் ஒன்று இரண்டு பங்கு பாலில் இறங்கும், அதிகம் கறக்கும் மாட்டில் இன்னும் கூடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பிபிபி நஞ்சுள்ள புண்ணாக்கு 3 கிலோ என்றால் 300 மைக்ரோகிராம். அதில் ஒன்றரை சதவீதம் நாலரை மைக்ரோகிராம். மாடு 9 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு அரை மைக்ரோகிராம். இந்தியாவில் பாலுக்குள்ள வரம்பும் அதே 0.5தான். ஐரோப்பாவில் 0.05, பத்தில் ஒரு பங்கு. மாட்டுத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் வரம்பு 20 பிபிபி. அதை மதித்தால் பால் பிரச்சினை தானாகவே குறையும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. 5.7 சதவீத மாதிரிகளில் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. பட்டியலில் முதலில் நின்றது தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றி நாம் போடும் சத்தத்தில் பாதியைக்கூட இந்த எண்ணுக்குப் போடவில்லை.

புண்ணாக்கில் ஏன் இவ்வளவு? மேலே ராயபுரத்து அன்பர் கேட்டாரே, ஏற்றுமதிக் கடலை. அங்கே சோதித்துக் கழித்த கடலை, சுருங்கினது, நிறம் மாறினது, பூச்சி அரித்தது எல்லாம் எங்கே போகிறது? குப்பைக்குப் போவதில்லை. மலிவு விலையில் எண்ணெய் ஆட்டப் போகிறது. ஆட்டும்போது நஞ்சு எண்ணெயில் கொஞ்சமும் புண்ணாக்கில் மிகுதியும் தங்கும். கடலையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய் என்பதால், அது பிரிந்த பிறகு மிச்சத்தில் நஞ்சின் செறிவு இரட்டிப்பாகிறது. கப்பல் ஏறுகிற கடலைக்காவது நூறு இடத்தில் கைவிட்டுச் சோதிக்க விதி இருக்கிறது. உங்கள் மாட்டுத் தொட்டியில் விழுகிற புண்ணாக்குக்குச் சோதனையே இல்லை. எலைசாவின் மலிவும் வேகமும் யாருக்காவது பயன்பட வேண்டுமென்றால் இந்த இடத்தில்தான் முதலில் பயன்பட வேண்டும் என்பது என் கருத்து. மாட்டுக்கு மாடு சோதிக்கச் சொல்லவில்லை. சொசைட்டிக்கு வரும் பாலில் வாரம் ஒருமுறை ஒரு பட்டை. வரம்பைத் தாண்டினால் அந்த வாரம் எந்தக் கடைப் புண்ணாக்கு எல்லோர் வீட்டுக்கும் போனது என்று விசாரித்தால் போதும், ஆள் அகப்பட்டுவிடுவார்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது: கட்டியான, பச்சை படிந்த, முடை நாற்றம் அடிக்கும் புண்ணாக்கை வாங்காதீர்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கான சரக்கை ஒரேயடியாக வாங்கிப் போடாதீர்கள். கெட்ட தீனியை நிறுத்திய நாலைந்து நாளில் பாலில் நஞ்சு இறங்கிவிடும். அதுவரை கறந்த பாலைக் கன்றுக்கோ குழந்தைக்கோ கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சார், இந்தச் சோதனையை யார் கண்டுபிடித்தார்? பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகக் கேட்கிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, கத்திவாக்கம்

பதில்: எலைசா 1971-ல் வந்தது. ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் இருவரும், அதே நேரத்தில் நெதர்லாந்தில் இன்னொரு குழுவும் தனித்தனியாகச் செய்தார்கள். அதற்கு முன் ஆன்டிபாடி சோதனையில் கதிரியக்கப் பொருளை அடையாளமாக வைத்திருந்தார்கள், அதைச் செய்த ராசலின் யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. கதிரியக்கத்தை எடுத்துவிட்டு, நிறம் தரும் நொதியை வைத்ததுதான் எலைசாவின் சாமர்த்தியம். அதே 1977-ல் கிளார்க், ஆடம்ஸ் என்ற இருவர் அதைச் செடி வைரஸ்களுக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம், கடலையில் அஃப்ளடாக்சின் பார்க்கும் ஆன்டிபாடியைத் தானே தயாரித்து மலிவான எலைசாவை உருவாக்கியது. வெளிநாட்டுக் கிட்டுக்குக் காசில்லாத ஆய்வகங்களுக்கு அது பெரிய உதவி.

கண்காட்சியில் ஒரு கேள்வி கட்டாயம் வரும், தயாராக இருங்கள்: அஃப்ளடாக்சின் அவ்வளவு சிறியதென்றால் உடம்பு அதற்கு ஆன்டிபாடி தயாரிக்குமா? தயாரிக்காது. அதை ஒரு பெரிய புரதத்தின் மேல் ஒட்டி முயலுக்கோ சுண்டெலிக்கோ ஊசி போட்டால்தான் உடம்பு அந்நியப் பொருள் என்று கண்டுகொண்டு தயாரிக்கும்.

கேள்வி: செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டோம். கடலை எண்ணெய் செக்கில் ஆட்டியது உடம்புக்கு நல்லதுதானே? வீட்டிலேயே சோதிக்கப் பட்டை கிடைக்குமா?

— ஓர் இல்லத்தரசி, திருவொற்றியூர்

பதில்: செக்கைப் பற்றி எனக்குக் குறையில்லை. செக்கில் போடும் கடலையைப் பற்றித்தான் கேள்வி. ஆலையில் சுத்திகரிக்கும்போது காரம் சேர்த்து வெளுப்பதில் அஃப்ளடாக்சின் பெரும்பாலும் போய்விடும். செக்கில் அந்தப் படி இல்லை, அடியில் தங்கும் கசடோடு நஞ்சும் நிற்கும். ஆகவே செக்கு எண்ணெய்க்குத்தான் கடலை சுத்தமாக இருக்க வேண்டும். நீங்களே முழுக் கடலை வாங்கி, சுருங்கியதும் கறுத்ததும் பொறுக்கி எறிந்துவிட்டு, முன்னால் நின்று ஆட்டி, தெளிய வைத்து எடுத்தால் நல்லது. மலிவு விலை "மரச்செக்கு" பாட்டிலை வாங்கினால் எந்தக் கடலை உள்ளே போனது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

வீட்டில் பட்டை வேண்டாம். பருப்பை அரைத்து மெத்தனால் கலந்து வடிகட்ட வேண்டும், மெத்தனால் சமையலறையில் வைக்கிற பொருளில்லை. எண்ணெய்க்கு வேறு முறையில் சாறு எடுக்க வேண்டும். கையும் கண்ணும் மூக்கும் உங்களுக்குப் போதும். கசக்கும் பருப்பு வாயில் பட்டால் துப்பிவிடுங்கள், வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 1974-ல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டு இறந்தார்கள். வேறு தானியம் இல்லாததால் பூஞ்சை பிடித்ததையே வாரக்கணக்கில் தின்றிருந்தார்கள். ஒருநாள் ஒரு கசப்புப் பருப்பு தின்றதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: திசு வளர்ப்பு வாழைக்கன்று வைரஸ் சோதனை செய்தது என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். அவசியமா?

— பொன்னேரி

பதில்: அவசியம். முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் பழனி மலையடுக்குகளில் விருப்பாட்சி, சிறுமலை வாழையை எந்த அளவுக்கு அழித்தது என்று திண்டுக்கல் பக்கம் கேட்டுப் பாருங்கள். நோய்க்கன்றைக் கண்ணால் பார்த்துக் கழிக்க முடியாது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் திசு வளர்ப்புச் சான்றிதழ் உள்ள நிறுவனமா என்று மட்டும் கேளுங்கள், "டெஸ்ட் பண்ணியாச்சு" என்ற வாய்வார்த்தைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மாதிரிகளை எங்கே அனுப்புவது? எப்படி அனுப்புவது?

— பலர்

பதில்: பயிர் நோய்க்கு முதலில் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தையோ அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேளுங்கள். நம் மாவட்டத்து டி.கே.எம். நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். எலைசா தேவைப்பட்டால் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கு அவர்களே வழி சொல்வார்கள். வாழைக்குத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம். மாட்டுத் தீவனத்துக்கு மாதவரத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள், நாமக்கல்லில் அதன் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. கடையில் வாங்கிய உணவுப் பொருளில் சந்தேகம் என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள், மாதிரி எடுத்து அனுப்புவது அவர் வேலை.

கடலை, புண்ணாக்கு மாதிரிகளைத் துணிப்பையிலோ தடித்த காகிதப் பையிலோ அனுப்புங்கள். பாலித்தீனில் போட்டால் வியர்த்துப் போய்ச் சேருவதற்குள் பூஞ்சை பெருகிவிடும். நெல், வாழை இலைகளுக்கு நேர்மாறு: இளம் இலையாகப் பார்த்து, லேசாக ஈரமான காகிதத்தில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். நோயுற்ற செடியோடு அதே வயலில் நன்றாக நிற்கும் செடியின் இலையையும் தனிப் பையில் போடுங்கள். எதிலிருந்து, எந்தத் தேதியில், எத்தனை மூட்டையில் அல்லது எத்தனை செடியில் எடுத்தீர்கள் என்பதைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். வெள்ளிக்கிழமை பார்சல் போடாதீர்கள். சனியும் ஞாயிறும் கிடந்து திங்கட்கிழமை போய்ச் சேரும் இலையில் எந்த ஆன்டிபாடியாலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.